தேத்தண்ணி நிறம்

உப்புவெளி,
ஆடி, செவ்வாய்க்கிழமை

மச்சான்,

ரெண்டு வருசமாய் எழுதேல்லை. சாட்டுச் சொல்ல வரேல்லை, திட்டுறதைத் திட்டிப்போட்டு வாசி. மனிசி சுகம். மூத்தவள் கண்டியில. உன்ர வீட்டு முன்மதில் மாரியில சரிஞ்சது, கட்டுவிச்சாச்சு, கணக்குப் பிறகு.

போனில சொன்னா நீ பகிடி விட்டு வெட்டிடுவாய், அதுதான் கடிதம். எனக்குச் சலப்பையில, அதுதான் சிறுநீர்ப்பையில, கன்சர். கதிரையை விட்டு எழும்பாதை, முழுக்க வாசி.

தை மாதம் ஒருநாள் விடிய, சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில போச்சுது. முதல்நாள் பீற்றூட் கறி, அதுதான் எண்டு நினைச்சன். நோவில்லை, எரிவில்லை. அடுத்த நாள் தெளிஞ்சிட்டுது. மூண்டு கிழமையால திரும்ப, இந்தமுறை கட்டி கட்டியாய். டவுணில ஒருத்தர் சலக்கிருமி எண்டு அன்ரிபயோட்டிக் தந்தார். நிண்டுது. மருந்தால இல்லை, தானாய் நிண்டது. இந்த வருத்தத்தின்ர கள்ளக்குணமே அதுதான்: ரத்தம் வரும், போகும், நோகாது. நாங்களோ நோகாட்டில் வருத்தமில்லை எண்டு வளர்ந்த ஆக்கள்.

மாசி கடைசியில மனிசி கண்டிட்டாள். பிறகென்ன, இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில சலப்பைச் சுவரில ஒரு முளை. நிச்சயமாய்த் தெரியிறதெண்டால் கமரா விட வேணும். எந்த வழியால எண்டு யோசி. ஓம், அதேதான். எங்கட மான் ராசா பக்கத்தில நிண்டிருந்தால் சிரிச்சே செத்திருப்பான். டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்: இளஞ்சிவப்புச் சுவர், அதில குஞ்சம் மாதிரி ஒண்டு தண்ணிக்குள்ள ஆடுது. புறாத்தீவில சுழியோடேக்க பாப்பமே, அந்தப் பவளங்கள் மாதிரி. வடிவாத்தான் இருந்தது, சனியன்.

முள்ளந்தண்டில ஊசி போட்டு, வெட்டாமல் அதே வழியால சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிச்சினம். ரிப்போர்ட் வரும்வரை நித்திரை இல்லை. அதில பாக்கிறது ஆழத்தை. கண்டுபிடிக்கேக்க நாலில மூண்டு பேருக்குத் தசைக்குள்ள இறங்கியிராதாம். எனக்கும் இறங்கேல்லை, ஆனா உட்தோலைத் தாண்டிட்டுது, கன்சரும் கெதியாய் வளருற முரட்டு ரகம். அதால சில கிழமையில திரும்பச் சுரண்டிப் பாத்தினம். மிச்சம் இல்லை.

இனித்தான் பகிடி. உன்ர இடக்கையில தழும்பு இருக்கெல்லே, ரீபி, அதுதான் காசநோய், வராமல் சின்னனில போட்ட பிசிஜி ஊசி? அதே கிருமியை, பலம் குறைச்சு, உயிரோட, சலப்பைக்குள்ள ரியூப்பால விடுறாங்கள். கிழமைக்கு ஒண்டு, ஆறு கிழமை. கிருமியைக் கண்டு உடம்பின்ர காவல்காரர் ஓடி வந்து, வந்த கையோட கன்சர் கலங்களுக்கும் சாத்துவினம். இதை 1976இல எழுதிக் காட்டினவர் மொறாலெஸ் எண்ட டொக்டர், கனடாவில, உன்ர ரொறன்ரோவிலயிருந்து ரெண்டரை மணித்தியால ஓட்டத்தில இருக்கிற கிங்ஸ்ரனில. உன்ர நாட்டால எனக்குக் கிடைச்ச ஒரே நன்மை. விட்ட பிறகு ரெண்டு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருக்க வேணும். பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு, இருந்துதான் சலம் விடுறது, பிளீச் ஊத்திக் கால்மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி. மனிசி மணிக்கூட்டோட வாசலில நிப்பாள். இரவில காய்ச்சல், கை கால் உளைவு. அதைத் தாங்கலாம்.

தாங்கேலாதது மற்றது. திரும்ப வந்து ஆழம் போனால் சலப்பையையே எடுக்கிறது. சிறுகுடலில ஒரு துண்டு வெட்டி, வயித்தில வாசல் வைச்சு, வெளியில ஒரு பை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கடல் இரையிறது கேக்கும், நான் வயித்தைத் தடவிக்கொண்டு கிடப்பன்.

காரணம் கேட்டன். "புகைப்பீங்களா?" எண்டார். கோட்டைச் சுவரில இருந்து நாங்கள் ஊதினதை எண்ண ஏலுமா? நெஞ்சுக்குத்தான் கூடாதெண்டு நினைச்சம். அந்த நஞ்சு ரத்தத்தில ஏறி, சிறுநீரகம் வடிச்சு, சலப்பையில மணிக்கணக்காய் ஊறுதாம். இந்த வருத்தக்காரரில ஏறக்குறைய பாதிப்பேருக்குப் புகைதான் காரணமாம். ரிப்போர்ட் வந்த அண்டே விட்டிட்டன்.

ஆவணியில அடுத்த கமரா. பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருசம்.

எழுதினது இதுக்கில்லை. உன்ர மனிசி என்ர மனிசிட்டச் சொன்னவ, போன மாசம் உனக்குச் சலம் சிவப்பாய்ப் போனதாம், நீ "சூடு" எண்டு இளநி குடிச்சியாம். நிண்டிட்டுதாம். எனக்கும் நிண்டதுதான். இந்தக் கிழமையே போய்க் காட்டு. போயிட்டு எழுது. வாட்ஸ்அப்பில பெருவிரலைக் காட்டிப்போட்டு இருந்திடாதை.

உன்ர,
சொட்டை