வெப்சைட் தூங்கி வழிந்தது பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ஆனித் தேரோட்ட வாரத்தில் உங்களில் சிலருடைய வெப்சைட் திறக்க நேரம் எடுத்தது. அதைப் பற்றி வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் குரல் பதிவை எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். "காலேஜ் பிள்ளைய வெளையாடுத எடத்துல நம்ம யாவாரத்தக் கொண்டு வச்சிருக்கான்" என்கிறார் ஒரு அண்ணாச்சி. உங்கள் வெப்சைட்களை நான் மாற்றி வைத்திருக்கும் க்ளவுட் ஹோஸ்டிங்கைத்தான் சொல்கிறார். குரலைக் கேட்டாலே ஆள் தெரியாதா எனக்கு? சரி, கோபமில்லை. தாமதம் என்று சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வேன், ஆனால் அந்த 'வெளையாடுத எடம்' ரெண்டு நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை வண்ணாரப்பேட்டைக் கடைக்குள் தண்ணீர் ஏறி, பேக்கப் வைத்திருந்த கம்ப்யூட்டர் மூழ்கியது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் பாளை தெற்கு பஜாரில் இந்த மாடிக்கு வந்தோம். சர்வர், அதாவது வெப்சைட் ஓடுகிற கம்ப்யூட்டர், அந்த வேலையை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி பங்குனியில் பெங்களூருக்குப் போய்விட்டான், நல்ல சம்பளம், போகாதே என்று எப்படிச் சொல்ல? வெறும் சர்வரை வாடகைக்கு எடுத்தால் பாதுகாப்பு அப்டேட்டை நாம்தான் போட வேண்டும், வெப்சைட்டில் போகிற தகவலைப் பாதுகாக்கும், 90 நாள்தான் செல்லும் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் நிறைந்தால் எழுந்து உட்கார வேண்டும். இதையெல்லாம் சர்வர் வைத்திருக்கும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் க்ளவுட் ஹோஸ்டிங்குக்கு மாறியது அதனால்தான். இல்லையென்றால் உங்கள் கடை என் ஒருவனுடைய தூக்கத்தை நம்பித்தான் நிற்கும்.

இந்த மாதிரி இடங்களில் இலவச பிளான் என்று ஒன்று உண்டு. பழகிப் பார்க்கிற பிள்ளைகளுக்கானது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை என்றால் அது வெப்சைட்டைத் தூங்க வைத்துவிடும், அப்புறம் முதலில் வருகிறவர் எழுப்பும்வரை காத்திருக்க வேண்டும். அல்வாக்கடை அண்ணாச்சி மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க என் மேஜையில் போனை வைத்து, "பாரு தம்பி, சுத்திக்கிட்டே கெடக்கு" என்றார். பார்த்தேன். டீ வந்து, அவர் ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் அல்வாப் படம் வந்தது. வேலை மும்முரத்தில் ஒன்பது வெப்சைட் அந்த பிளானிலேயே கிடந்துவிட்டது, இப்போது எல்லாம் கட்டண பிளானுக்கு மாறியாயிற்று, இனி தூங்காது.

அதற்காக அந்த இடமே விளையாட்டுச் சாமான் ஆகிவிடுமா? 2007-இல் தொடங்கிய ஹெரோக்கு என்ற கம்பெனிதான் இந்த வகை ஹோஸ்டிங்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அங்கேயும் இலவச பிளான் இருந்தது, கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் தூக்கம்தான். அப்படியிருந்தும் 2010-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி அதை 21 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விளையாட்டுச் சாமானுக்கு அவ்வளவு கொடுப்பார்களா அண்ணாச்சி? 2022 நவம்பர் 28-இல் அவர்கள் இலவச பிளானையே நிறுத்தியபோது அலறியவர்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தவர்கள், ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டிருந்த கம்பெனிகளின் வெப்சைட் அது பாட்டுக்கு ஓடியது. ஒரே இடம்தான், எந்த பிளானில் இருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. விலாசமும் போன் நம்பரும் மட்டும் போட்ட ஒற்றைப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இது தண்டச் செலவு, அவர்களைச் சாதா ஹோஸ்டிங்கிலேயே விட்டிருக்கிறேன். நாள் முழுக்க ஆர்டர் கொட்டுகிற, சம்பளத்துக்கு ஒரு சர்வர் ஆளையும் வைத்துக்கொள்ள முடிகிற கடை என்றால் சொந்தமாக சர்வர் எடுப்பதே லாபம், அதே மெமரி அங்கே குறைந்த காசுக்குக் கிடைக்கும். நடுவில் இருக்கிற பாய்க்கடை, கருப்பட்டிக்கடை, அல்வாக்கடைகளுக்குத்தான் இது சரி. பில் டாலரில் வருவதால் அடுத்த புதுப்பித்தலில் இருந்து வருடக் கட்டணம் 4,800 இல்லை, 6,600, ஜிஎஸ்டி தனி.

வெள்ளம் வடிந்த வாரத்தில், கடை போச்சே என்று நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வருடப் பணத்தை முன்கூட்டியே கையில் திணித்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். பத்தமடை அக்கா உட்கார ஒரு பாயும் கொண்டுவந்தார், அது இன்னும் இந்த மாடியில்தான் விரித்திருக்கிறது. அதை எந்தக் குரல் பதிவும் மறக்கடிக்காது. ஒன்றே ஒன்று, வெப்சைட் சுற்றினால் குரூப்பில் போடுமுன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்.

பி.கு.: தேரோட்டத்துக்கு முந்தின நாலு நாளில் புதுப் பொருள் படம் ஏற்றியவர்கள் தயவுசெய்து இன்னொரு தடவை அனுப்பிவையுங்கள். அங்கே சர்வர் மறுபடி ஸ்டார்ட் ஆனால் உள்ளே ஏற்றி வைத்த ஃபைல் நிற்காது. படங்களுக்கு இப்போது தனி ஸ்டோரேஜ் போட்டுவிட்டேன்.