ஊரான் வீட்டுக் கட்டில்

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் காரைக்குடியில் சுகம். போனில் ஆரம்பித்தால் பாதியில் ‘மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத்து.

சிங்கப்பூரில் பழைய சாமான் வாங்கி விற்கிற கரோசல் ஆப்பில் பிள்ளைக்கு ஒரு பழைய கட்டில் பார்த்து வைத்திருப்பதாகவும், “ஊரான் வீட்டுக் கட்டிலிலா நம்ம பேரன் படுக்கணும்?” என்று உன் மாமியார் முகம் சுளித்ததாகவும் சொன்னாய். நான் உன் பக்கம்தான். நம் செட்டிநாட்டு வீடுகளில் புதுக் கட்டில் எங்கே இருக்கிறது? எல்லாம் பர்மாவிலிருந்து வந்த தேக்கு. நாலு தலைமுறை படுத்து எழுந்தது என்றால் பெருமையாகச் சொல்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை நாலு மாதம் படுத்தது என்றால் மட்டும் ஆகாதா? இதை அவரிடம் சொல்லிவிடாதே, எனக்குச் சம்பந்தம் முக்கியம்.

அங்கே வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் ஊர் மாறுகிறார்கள். வீடும் சின்னது. பிள்ளை வளர்ந்ததும் கட்டில் இடத்தை அடைக்கிறது. விற்கிறவருக்கு இடம் காலியானால் போதும், உனக்குக் கட்டில் வந்தால் போதும். பணம் அதற்கு அடுத்ததுதான். அந்த ஆப்பை 2012-ல் அங்கேயே படித்த மூன்று பையன்கள் தொடங்கினார்கள் என்று மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார். வீட்டில் தேங்கிக் கிடந்ததைப் பார்த்த பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

நானும் இங்கே ஃபேஸ்புக்கில் போட்டு விற்க ஆரம்பித்த பிறகுதான் ஜனங்கள் ஏன் இதில் விழுந்து கிடக்கிறார்கள் என்று புரிந்தது. பங்கு பிரித்ததில் நம் குடும்பத்துக்கு வந்த எனாமல் சாமான் எல்லாம் இரண்டாங்கட்டு அறையில் கிடந்ததே, உனக்குத் தெரியும். அதில் ஒரு மூன்றடுக்குத் தூக்கு: பச்சை விளிம்பு, அடியில் ஸ்வீடன் முத்திரை, பிடி மாட்டுகிற காதுப்பக்கம் ஒரு பொட்டளவு எனாமல் பெயர்ந்து கறுப்பு தெரியும். வாசலுக்கு வருகிற வியாபாரி எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை சொல்வார். அது நியாயமா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் அதே மாதிரித் தூக்கு என்ன விலைக்குத் தொங்குகிறது என்று போய்க் கேட்கலாம்தான். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? “அந்த வீட்டு ஆச்சி சாமான் விற்க வந்துட்டாக.” பெயர் வெட்டின பாத்திரம் வேறு. போன் என்றால் ராத்திரி பட்டாலையில் உட்கார்ந்து யார் யார் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம், ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டாம். நம் பக்கம் இதுதான் பெரிய காரணம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வாங்குகிறவர்கள் கதை வேறு. அந்தத் தூக்கைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டார். அவரிடமும் அதே தூக்கு இருக்கிறதாம், நடு அடுக்கு மட்டும் தொலைந்துவிட்டதாம். வாய் அகலம் கேட்டார், ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பொருந்திவிட்டது. ஒரு அடுக்கை மட்டும் கொடுக்க மனசில்லை, எல்லாம் சேர்த்துத்தான் என்றேன். வாங்கிக்கொண்டார். நடு அடுக்கை மட்டும் எந்தக் கடையில் போய்க் கேட்க முடியும்? இங்கே ஒரு மூலையில் கிடப்பதும் அங்கே ஒருத்தர் தேடுவதும் முன்பெல்லாம் சந்தித்துக்கொள்ளவே வழியில்லை.

பொழுது போகாமல் “லாஸ்ட் பிரைஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களும் உண்டு. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, “க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துரும்” என்று ஒருத்தன் பேசினான். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம் என்று அப்பச்சி போனை வாங்கி அவனுக்குப் பாடமே எடுத்தார். பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் பேச வேண்டும் என்று சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் நம் பழைய கதவு நிலையைக் கேட்டாராமே. அது ஆகாது. நூறு வருஷம் தாண்டிய வேலைப்பாட்டுச் சாமான், கட்டடத்திலிருந்து பெயர்த்த மரமானாலும் சரி, 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள் கணக்கு. நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டில் வியாபாரம் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். சட்டத்தை விடு, நிலை எல்லாப் பங்காளிக்கும் பொது. முன்னோர் படைப்புக்கு வருகிறவர்கள் வெறும் சுவரையா பார்ப்பது?

கட்டிலுக்கு வருகிறேன். நேரில் போய்ப் பார். கம்பிக்குக் கம்பி இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வேண்டாம். ஒரு பக்கம் கீழே இறங்குகிற மாதிரிக் கட்டிலும் வேண்டாம், குழந்தைகள் மாட்டி இறந்ததால் அமெரிக்காவில் 2011-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். திருகு ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்துவிடு. மெத்தை மட்டும் புதுசாக, சந்து இல்லாமல் பொருந்துகிற அளவில் வாங்கு. அதைச் சொல்லி உன் மாமியாரைச் சமாதானப்படுத்தலாம்.

ஊறுகாய் ஜாடிகளில் பெரியதைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உனக்கு வேண்டும் என்றால் சனிக்கிழமைக்குள் சொல். அப்புறம் “என்னைக் கேட்காமல் ஏன் கொடுத்தாய்” என்று சண்டைக்கு வரக் கூடாது.

அன்புடன்,
ஆத்தா