வாடகை மீட்டரை யார் நிறுத்துவது? சென்னைத் துறைமுகச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைத் துறைமுகத்தைச் சார்ந்து இயங்கும் கஸ்டம்ஸ் புரோக்கர்கள், கப்பல் ஏஜென்டுகள், கன்டெய்னர்களை வைத்துக் கையாளும் சி.எஃப்.எஸ். கிடங்குகளின் நடத்துநர்கள், இறக்குமதியாளர்கள் ஆகியோரின் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய ரசாயனங்களை இறக்குமதி செய்து விற்கிற சிறு வியாபாரி நான். சுங்கத்துறை சரக்கை நிறுத்தி வைக்கும் நாட்களுக்கு யார் வாடகை கட்டுவது என்று கேட்கும் இந்தக் கடிதத்தைச் சுங்கத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் எளிமையானது. துறை உங்களைக் கூப்பிட்டுப் பேசுகிறது, என்னைக் கூப்பிடுவதில்லை. என் பேச்சு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்குள் போக வேண்டுமென்றால் உங்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

அப்படிக் கூப்பிட்டுப் பேசுவது எந்த அதிகாரியின் பெருந்தன்மையும் அல்ல. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தத்தை இந்தியா 2016 ஏப்ரலில் ஏற்றது. 2017 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எல்லையில் வேலை செய்யும் துறைகள் வணிகர்களோடு தொடர்ந்து கலந்து பேச வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. டெல்லியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு தேசியக் குழு உண்டு. அதற்கு முன்பே, 2015இல், தலைமை ஆணையர் தலைமையில் உணவுப் பாதுகாப்பு, தாவரத் தனிமைப்படுத்தல், மருந்துக் கட்டுப்பாடு, துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் குழுவைச் சுங்கத்துறை அமைத்தது. வணிகர்களின் குறைகளைக் கேட்கத் தனியே வேறொரு நிரந்தரக் குழுவும் இருக்கிறது. மேசைக்குப் பஞ்சமே இல்லை.

அந்த மேசைக்கு எது வருகிறது, எது வருவதில்லை என்பதுதான் என் கவலை. சர்வர் படுத்துவிட்டால் உடனே எழுப்புகிறீர்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர்கள் வரிசை கட்டினால் எல்லாச் சங்கமும் ஒரே குரலில் பேசுகிறது. (துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் ஒரு அடிக்கல், 2022இல் இன்னொரு அடிக்கல். அது உங்கள் கையில் இல்லை, அதை விடுவோம்.) ஆனால் ஒரு சங்கத்தின் வருமானம் இன்னொரு சங்கத்தின் செலவாக இருக்கிற விஷயம் என்றால் அறை அமைதியாகிவிடுகிறது. அவற்றில் பெரியது, சுங்கத்துறை சரக்கை நிறுத்தி வைக்கும் நாட்களுக்கு யார் பணம் கட்டுவது என்பது.

என் சரக்கில் அடிக்கடி நடப்பது இது. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை வரும்வரை கன்டெய்னர் சி.எஃப்.எஸ்.ஸில் நிற்கிறது. ஒருபக்கம் இட வாடகையான கிரவுண்ட் ரென்ட் ஏறுகிறது, இன்னொரு பக்கம் பெட்டியைத் திருப்பித் தராததற்கு லைன் (கப்பல் நிறுவனம்) போடும் டிடென்ஷன் கட்டணம் ஏறுகிறது. கடைசியில் அறிக்கை, ‘சொன்ன சரக்குதான்’ என்று வருகிறது. தப்பு என் பக்கம் இல்லை என்று அரசே சொல்லிவிட்டது. பில் மட்டும் என் பெயருக்கு வருகிறது. பாண்டு என்ற உறுதிப் பத்திரம் போட்டு அறிக்கைக்கு முன்பே எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம்தான். கூடவே வங்கி உத்தரவாதம் கேட்டால், நடப்பு மூலதனத்தை அங்கே முடக்கிவிட்டு அடுத்த சரக்குக்கு எதை வைத்து வங்கியில் எல்.சி. என்ற கடனுறுதிக் கடிதம் திறப்பது?

விதி இல்லாமல் இல்லை. இப்படி வாடகை கேட்பதைத் தடுக்கச் சுங்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. பிறகு 2009இல் வந்த சரக்குக் கையாளுகை விதிமுறைகள், சுங்க அதிகாரி நிறுத்தி வைத்த சரக்குக்கு சி.எஃப்.எஸ். வாடகையோ டிமரேஜோ (தாமதக் கட்டணம்) வாங்கக் கூடாது என்றன. 2018இன் கடல் சரக்குப் பட்டியல் விதிமுறைகள் லைன்களுக்கும் அதையே சொல்கின்றன. சரிபார்க்க நிறுத்திய சரக்கில் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) விவரம் சரி என்று தெரிந்தால் டிடென்ஷன் கூடாது. 60 நாள் தாண்டினால் மட்டும், அதற்குப் பிந்தைய நாட்களுக்குக் கேட்கலாம்.

அப்புறம் ஏன் பில் வருகிறது? 2009 விதியின் தொடக்கத்திலேயே ‘வேறு சட்டங்களுக்கு உட்பட்டு’ என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதற்குள் லாரியே ஓட்டலாம். சாம்பிள் எடுப்பது நிறுத்தி வைப்பது ஆகாது என்று ஒரு வாதம், எங்களுக்கும் உங்களுக்கும் தனி ஒப்பந்தம் என்று இன்னொரு வாதம். அலைந்து திரிந்து அதிகாரியிடம் வாடகையைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் வெய்வர் சர்டிஃபிகேட் வாங்கிப் போனால் கவுண்டரில் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். பெரிய நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும். நான் போட்டால் வக்கீல் ஃபீஸ் டிடென்ஷனைத் தாண்டும்.

சி.எஃப்.எஸ். நடத்துபவர்களின் பக்கமும் எனக்குப் புரிகிறது. இடத்துக்கும் ஆளுக்கும் அவர்கள் செலவு செய்கிறார்கள். லேப் தாமதத்துக்கு அவர்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதைத் துறையிடம் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். பில் ஆஃப் என்ட்ரி போடத் தாமதமானால் முதல் 3 நாள் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000 ரூபாய் என்று என்னிடம் வசூலிக்கத் தெரிந்த அரசு, தன் தாமதத்துக்கு மட்டும் விலை வைக்கவில்லை. இந்தக் கேள்வியை சி.எஃப்.எஸ். சங்கமும் இறக்குமதியாளர் சங்கமும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தனித்தனியாகக் கேட்டால் ‘நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கூட்டம் முடிந்துவிடும்.

இறக்குமதி வரியைக் கணினி வழியே மதிப்பிடும் முகமறியா மதிப்பீடு வந்தபிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. 2020 ஜூன் 8 அன்று அது தொடங்கிய இரண்டு ஊர்களில் சென்னையும் ஒன்று. நல்ல திட்டம்தான். எந்த அதிகாரியின் மேசை முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது என் பில் ஆஃப் என்ட்ரியைப் பார்ப்பவர் வேறு ஊரில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை அவர் ஒரு கேள்வி போட்டால், பதில் கொடுத்தாலும் திங்கள்வரை கன்டெய்னர் நகராது. உள்ளூர் ஆணையரிடம் முறையிட்டால், மதிப்பீடு இங்கே இல்லை என்கிறார். அது உண்மையும்கூட. நீங்களோ இன்னும் உள்ளூர்க் கூட்டத்தில்தான் மனு கொடுக்கிறீர்கள். உங்களில் புரோக்கர்கள் சங்கம் கேட்டால் உறுப்பினர்கள் தங்கள் பில் ஆஃப் என்ட்ரி விவரத்தைத் தரமுடியும். எந்த வகைச் சரக்குக்குக் கேள்வி வந்து எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது என்று மாதம் ஒரு பட்டியல் போட்டு டெல்லியிலுள்ள மத்திய சுங்க வாரியத்துக்கே அனுப்பலாமே? பொதுவாக ‘தாமதமாகிறது’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

நெருக்கினால் நடக்கிறது என்பதற்குச் சாட்சி உண்டு. 2020 ஊரடங்கில் மார்ச் 22 முதல் ஏப்ரல் 14 வரை டிடென்ஷன் வாங்க வேண்டாம் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் லைன்களிடம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த சில நாட்களில், மணலியில் 2015 முதல் கிடந்த அதே ரசாயனம் சுமார் 700 டன் ஐதராபாத்துக்குக் கிளம்பியது. ஐந்து வருடத்தில் நகராதது ஐந்தாறு நாளில் நகர ஆரம்பித்தது.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் வைக்க வேண்டியது இதுதான். சாம்பிள் லேபுக்குப் போன நிமிடமே நிறுத்திவைப்புத் தகவல் கணினி வழியாக சி.எஃப்.எஸ்.ஸுக்கும் லைனுக்கும் தானாகப் போகட்டும். அன்றிலிருந்து அறிக்கை வரும் நாள்வரை பில் போடக் கூடாது என்று இரு தரப்புச் சங்கங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். லேபுக்கு ஒரு கெடு வைத்து, அதைத் தாண்டிய நாட்களின் செலவைத் துறை ஏற்குமா என்று நேராகக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அந்தக் குறிப்பைச் சந்தா கட்டுகிற எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு சங்கத்துக்குத் தவறாமல் சந்தா கட்டிவரும் இறக்குமதியாளர்,
சென்னை.