பழைய லேப்டாப் தரும் நண்பர்களே, வைஃபையையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லேப்டாப் சேர்த்துத் தரும் நண்பர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்ற பிறகு, விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்களை வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுக்கிறீர்கள். ரொம்ப நல்ல காரியம், நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் என் அக்கா மகளுக்குக் கிடைத்ததில் வைஃபை வரவில்லை. 3 வாரம் அதில் தட்டச்சு மட்டும் பழகியிருக்கிறாள். நான் போனபோது, "மாமா, கெட்டுப் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

எதுவும் கெடவில்லை. அந்த வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவதில்லை, தனியாக ஏற்ற வேண்டும். அதை நீங்கள் ஏற்றித்தான் இருந்தீர்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அப்படி ஏறும் டிரைவருக்கான டிஜிட்டல் சாவியைப் பதிந்தால்தான் கெர்னல் அதை உள்ளே விடும். அதற்காக நிறுவும்போதே உபுண்டு ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்கிறது, அப்புறம் முதல் ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று 10 விநாடி காத்திருக்கும், தட்டாவிட்டால் சாவியைப் பதியாமலே அது பாட்டுக்கு உபுண்டுக்குள் போய்விடும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும், வைஃபை மட்டும் இருக்காது. லேப்டாப்களை வரிசையாக அடுக்கி வைத்து வேலை செய்யும்போது அந்த 10 விநாடி தவறிப்போவது சுலபம். மொக்யூடில் (mokutil) என்ற கட்டளையால் சாவியை மறுபடி பதியக் கொடுத்து, அது கேட்ட கடவுச்சொல்லை வைத்து, ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைப் போட்டேன். வந்துவிட்டது, இணையமே தேவைப்படவில்லை.

இனிமேல் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு லேப்டாப்பிலும் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, வைஃபையில் ஒரு பக்கமாவது திறக்கிறதா பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் மண்டபத்தில் கேபிள் இருக்கிறது. லயத்து வீட்டில் ஏது கேபிள்? அம்மாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகு.

டிரைவரே ஏறாத லேப்டாப் என்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதி) முடுக்கலாம், உபுண்டு அதைக் கேபிள் இணைப்பு மாதிரியே எடுத்துக்கொள்ளும், அது வழியாக டிரைவரை இறக்கிவிடலாம். இது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? தமிழில் ஒரு தாள் எழுதிப் பைக்குள் வையுங்கள்.

அந்தத் தாளை நான் எழுதித் தருகிறேன். அடுத்த முறை நிறுவும் வேலை சனிக்கிழமை என்றால் சொல்லுங்கள், மோட்டாரில் வந்துவிடுகிறேன், நீலத் திரைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.