விமர்சன உளவியலை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் கோட்பாடுகள் யாரை வைத்து, எந்தச் சமூகச் சூழலில் உருவாயின என்று கேள்வி கேட்கும் பிரிவு விமர்சன உளவியல். அதை முதுகலையில் சொல்லிக்கொடுத்தால் போதும், இளங்கலை மாணவர்களை அது குழப்பிவிடும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 18 ஆண்டுகளாக இளங்கலை மாணவர்களுக்கு உளவியல் நடத்துகிறேன். முதல் 10 ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னை மாற்றியது ஒரு மாணவியின் கேள்வி. சரி எது, தவறு எது என்று யோசிக்கும் திறன் படிப்படியாக வளர்கிறது என்று சொல்லும், உளவியலாளர் கோல்பெர்கின் ஒழுக்க வளர்ச்சிக் கோட்பாட்டை நடத்தி, ஆறு படிநிலைகளையும் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். "இதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். ஒருவர்கூட இல்லை. சிகாகோ பகுதியில் 10 முதல் 16 வயது வரையான பையன்களிடம் பேசித்தான் கோல்பெர்க் அந்தப் படிகளைக் கட்டியிருந்தார். உளவியலாளர் கரோல் கில்லிகன் இதை 1982-லேயே சுட்டிக்காட்டிவிட்டார். நான் படித்த பாடநூலிலும் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் இருந்தது. தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போயிருக்கிறேன். பின்னால் வந்த ஆய்வுகள், ஒழுக்கத்தைப் பற்றி யோசிப்பதில் கில்லிகன் நினைத்த அளவுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை என்றன. சரி, அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

பெரும்பாலான பாடத்திட்டங்களில் இந்த விஷயங்களுக்கெல்லாம் கடைசி அலகில்தான் இடம். செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்த அலகைத் தொடுவோம், அல்லது தொடவே மாட்டோம்.

விமர்சனம் என்றால் அறிவியலுக்கு எதிரானது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அவர்களிடம் அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கரைப் பற்றித்தான் சொல்வேன். தன்பால் ஈர்ப்பு ஒரு நோய் என்று துறையே நம்பிய காலத்தில், அவர் 30 தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களுக்கும் 30 மற்ற ஆண்களுக்கும் மைத்தடங்களில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை உள்ளிட்ட சோதனைகளை நடத்தினார். யாருடைய விடை எது என்ற அடையாளத்தை நீக்கிவிட்டு நிபுணர்களிடம் கொடுத்தார். யார் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை நீக்க முடிவெடுத்தது 1973-ல். துறையின் சொந்தக் கருவிகளை வைத்தே துறையின் தவறைக் காட்டினார் அவர். ஆய்வு முறையியலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இது ஏன் முதல் ஆண்டில் இல்லை?

இன்னொன்று. ஆலோசகராக வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் சமீபத்தில் போனில் பேசினான். தூக்கம் வரவில்லை என்று வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று அமர்வுகள் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான்காவது அமர்வில்தான் அவருடைய வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்று தெரிய வந்திருக்கிறது. "அதைக் கேட்கணும்னே எனக்குத் தோணலை மேடம்" என்றான். அவனுக்குப் பாடம் நடத்தியவள் நான்தான். மனத்துக்குள்ளே மட்டும் பார்க்கத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். போர் தரும் மனக்காயம் தனி மனிதர்களின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை, அவர்கள் வாழும் சமூக உறவுகளில் இருக்கிறது என்று எல் சால்வடாரில் போருக்கு நடுவே எழுதியவர் உளவியலாளர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ. 1989-ல் ராணுவத்தினர் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். என் மாணவன் மூன்று ஆண்டு படிப்பில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் கடைசி அலகைப் பிரித்து, ஒவ்வொரு கோட்பாட்டோடும் சேர்த்து வையுங்கள். யாரை வைத்து ஆய்வு செய்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள், முடிவு யாருக்குப் பயன்பட்டது என்பதை அந்தந்தப் பாடத்திலேயே பேசுவோம். அப்புறம், தேர்வில் இதற்கு ஒரு கட்டாயக் கேள்வி வேண்டும். மதிப்பெண் இல்லாத பகுதியை மாணவர்கள் படிக்க மாட்டார்கள், நானும் படிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓர் உளவியல் ஆசிரியை