உள்ளே உட்கார்ந்து ஒரு டீ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல் வரை வந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெண்ணுக்குத் தையில் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வருகிறோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் போன வாரம் தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பக்கம் போய்வந்த கதை.

நான் இங்கிலாந்து வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் சக்கர நாற்காலியில் போகிற நான், போன வாரம் வரை இங்குள்ள கிராமத்து டீ ரூம் ஒன்றில் ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்து டீ குடித்ததில்லை. நம்மூர் டீக்கடை மாதிரி இல்லை அது. இருநூறு முந்நூறு வருடத்துக் கல்வீடு, தலையில் இடிக்கிற உயரத்தில் மரவிட்டம், மூலையில் கணப்பு. பூப்போட்ட பீங்கான் கோப்பை, டீ ஆறாமல் இருக்கக் கம்பளிக் குல்லாய் மாட்டிய கூஜா. கூடவே சூடாக ஸ்கோன் என்கிற குட்டி பன், ஸ்ட்ராபெரி ஜாம், கிளாட்டட் கிரீம். கிரீமை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்க விடாமல் நெடுநேரம் சூடாக்கி ஆறவிட்டால் மேலே மஞ்சளாக ஏடு கட்டும். கரண்டியால் வெட்டி எடுக்கிற அளவுக்குக் கெட்டி. டெவனில் முதலில் கிரீம், அதன் மேல் ஜாம். பக்கத்துக் கார்ன்வாலில் ஜாம் முதலில். இதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பயணத்தில் ஒரு குறையும் இல்லை. ரயிலில் ஏற சாய்வுப்பலகை போட ஆள் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும், 2022 முதல் அப்படி. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டார்கள், எக்ஸிட்டரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நாற்காலியோடு ஏறக்கூடிய டாக்ஸி. டார்ட்மூர் என்கிற மேட்டுநிலத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். டீ ரூமுக்குப் போன் செய்து "வீல்சேர் வரலாமா?" என்று முன்பே கேட்டிருந்தேன். "தாராளமா வாங்க" என்றார்கள்.

போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு கல்படி. ஆள் கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்த படி. வேலை பார்த்த இரண்டு பையன்கள் தூக்கிவிட ஓடி வந்தார்கள். என் மின்சார நாற்காலி என்னையும் சேர்த்து 200 கிலோ, வேண்டாம் என்றேன். கடைக்கார அம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டார். தோட்டத்தில் மேசை போட்டு, துணி விரித்து, எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து வைத்தார். டீயில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் ஜன்னல் வழியே கணப்பு எரிவது தெரிந்தது. மற்றவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் கோட்டோடு காற்றில்.

அப்போது பாளையங்கோட்டை ஞாபகம்தான் வந்தது. போலியோ வந்த காலோடு உன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து எத்தனை டீக்கடைக்குப் போயிருப்போம்! எந்தக் கடையிலும் நான் உள்ளே போனதில்லை. ஆனால் அங்கே எல்லாருமே வெளியேதான் நின்று குடித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவன், சைக்கிளில் சாய்ந்தவன், நான், எல்லாரும் ஒரே தெரு. தனியாக விட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே அந்த அறைக்குத்தான் ஆட்கள் தேடிப் போகிறார்கள். டீயை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிடலாம், அறையைக் கொண்டுவர முடியுமா?

இங்கே மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் இருக்கிறது. 1995இல் ஒன்று, அதற்குப் பதிலாக 2010இல் சமத்துவச் சட்டம். ஆள் வந்து கேட்கும்வரை காத்திராமல் கடைக்காரரே முன்கூட்டி யோசித்து, நியாயமாக முடிந்த மாற்றங்களைச் செய்ய வேண்டும், அதற்கு நம்மிடம் காசு வாங்கக்கூடாது. ஆனால் செய்தார்களா என்று பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். நாமே கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். அவ்வளவு அன்பாக மேசை போட்டுக் கொடுத்த அம்மா மேல் எப்படிப் போடுவது? பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், கைவைக்க அனுமதி வேண்டும் என்றார் அவர். படியை இடிக்கச் சொல்லவில்லையே. தேவைப்படும்போது விரித்துப்போட்டு, அப்புறம் மடித்து வைக்கிற சாய்வுப்பலகை கட்டடத்தைத் தொடுவதுகூட இல்லை.

மறுநாள் இன்னொரு கிராமம். இந்தத் தடவை என் மனைவி பேசினாள். "வரலாமா" என்று கேட்கவில்லை. படி எத்தனை, எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம், டாய்லெட் எங்கே என்று கேட்டாள். அந்தப் பெண் "ஒரு நிமிஷம்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனார். ஒரே படி, 15 சென்டிமீட்டர். கதவு 71. என் நாற்காலி 62. பலகை இருக்கிறது. டாய்லெட் மட்டும் மாடியில், உங்களால் போக முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போகலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சரிவில் 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் பலகை வேண்டும். விரித்தபோது அது பாதித் தெருவை அடைத்தது. எதிரே வந்த டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, நான் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்விட்டேன். நாற்காலியின் கை மேசைக்கு அடியில் போகவில்லை, பக்கவாட்டில் ஒண்டிக்கொண்டுதான் சாப்பிட்டேன். அது பரவாயில்லை. விறகு வாசனையும் சூடும் முகத்தில் பட, மழை ஜன்னலுக்கு வெளியே பெய்தது.

கூஜாவில் மூன்று கோப்பை டீ இருந்தது. வழக்கமாக வெளியூர் போனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு மூன்றையும் குடித்தேன். கார் நிறுத்துமிடத்தில் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை இருப்பதை அந்தப் பெண்ணே சொல்லியிருந்தார். என்னிடம் ரேடார் சாவி இருக்கிறது. 1981இல் தொடங்கிய திட்டம். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கழிப்பறைகளுக்கு அந்த ஒரே சாவிதான்.

சரி, இப்போது கல்யாண மண்டபம். நீயும் இப்போது படியைக் கண்டு பயப்படுகிற ஆள் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். யாரையாவது டேப்போடு அனுப்பி வாசல் படியை எண்ணி, ஒரு படியின் உயரத்தை அளந்து சொல். தூக்க ஆள் இருக்கிறது என்று மட்டும் எழுதாதே. அந்தக் காலத்தில் நீ தூக்கினாய், எங்கே பிடிக்க வேண்டுமென்று உனக்குத் தெரியும். இப்போது என் தோளும் தாங்காது. அப்புறம் முக்கியமாக, பந்தி எந்த மாடியில்? லிஃப்ட் இருந்தால் அதன் கதவையும் அளக்கச் சொல். பெண் வீட்டுச் சாப்பாட்டை உன் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட வேண்டும் எனக்கு.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. நடைப்பயிற்சியை விட்டுவிடாதே.

என்றும் உன்,
நண்பன்