சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

ஷியாமென் நகரில் வேலையும் வீடும் நல்லபடியாக அமைந்துவிட்டதாக அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கியே பொழுது போகிறது என்றாயாம். தூங்கிக் கழிக்கிற சீமை இல்லையம்மா அது.

ஃபூஜியான் பரப்பளவில் நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஆனால் பெரும்பகுதி மலை. எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல் என்று அங்கே சொல்வார்களாம். உழ நிலம் போதாத ஜனம் கடலை நம்பிப் போனது. அந்த மாகாணத்தின் கதை முழுக்க இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் சுவான்சோவுக்குப் போ. ரயிலில் அரை மணி நேரம் போல ஆகும். சோங், யுவான் அரசர்கள் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நம் வணிகர்கள் அங்கே குடியிருந்து சிவன் கோயில் எழுப்பினார்கள். 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே இறைவனை எழுந்தருளப் பண்ணியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நலத்துக்காகச் செய்யப்பட்டதாம் அது. கோயில் இன்று இல்லை. அதன் தூண்கள் இரண்டு கையுவான் புத்தர் கோயில் மண்டபத்துக்குப் பின்புறம் நிற்கின்றன. நரசிம்மரும் கண்ணனும் அவற்றில் உண்டு. கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்தை வழிபடும் சிற்பம் ஒன்று இருக்கிறது. திருவானைக்கோவிலில் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் நம் தடயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. நம்மவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அதே ஊரில் 1009-ல் கட்டிய மசூதி நிற்கிறது. அத்தனை பேரையும் தங்கவிட்டு, அவரவர் சாமியைக் கும்பிட இடம் கொடுத்த ஊரைப் பார்க்க வேண்டாமா?

அங்கேயே லோயாங் பாலத்தில் நடந்து பார். 1059-ல், காய் சியாங் என்ற அதிகாரி அங்கே ஆளுகையில் இருந்தபோது, முடிந்தது. கடல் அலை அடிக்கிற முகத்துவாரத்தில் அடித்தளக் கற்கள் நகராமலிருக்க அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டிப் பெருகப் பெருக, கற்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டன. பக்கத்தில் ஷுன்பு என்ற மீனவர் ஊரில் வீட்டுச் சுவர்களே சிப்பி ஓட்டால் ஆனவை. அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காய்ப் பூ வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்குப் படம் அனுப்பு.

நாலைந்து நாள் லீவு கிடைத்தால் மலைப்பக்கம் போ. யோங்டிங்கில் ஹக்கா மக்களின் மண்கோட்டை வீடுகள், தூலோ என்பார்கள். செங்சி லோ என்பது 1709-ல் முடிந்தது; ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வட்டம், ஒரே குலத்துக் குடும்பங்கள் அத்தனையும் உள்ளே. வடக்கே வூயி மலையில் ஒன்பது வளைவு ஓடையில் மூங்கில் தெப்பத்தில் போகலாம். பாறை இடுக்கில் நிற்கும், தா ஹொங் பாவ் என்ற தேயிலையின் தாய்ச் செடிகளிலிருந்து 2006-க்குப் பிறகு இலை பறிப்பதில்லை. கடையில் அந்தச் செடியின் தேயிலை என்று சொல்லி விற்றால் நம்பாதே.

ஷியாமென் பல்கலைக்கழகத்தை ஒட்டிய நான்புதுவோ கோயிலில் சைவச் சாப்பாடு கிடைக்கும். ஷியாமெனுக்கு எதிரே குலாங்யூ தீவுக்குப் படகில் போகலாம். அங்கே கார் ஓடாது, நடக்கத் தோதான இடம்.

ஆடி, ஆவணியில் புயல் வரும், வெளியூர்ப் பயணம் வேண்டாம். ஐப்பசிக்கு மேல் கிளம்பு. தை கழித்து நானும் அம்மாவும் வருகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, எங்கெங்கே படி அதிகம் என்று முன்னதாகவே பார்த்து வை.

அன்புடன்,
அப்பா